மணிக்கட்டில் போட்ட முடிச்சு

என் அக்கா தன் புருஷனைப் பிடித்திருந்த கயிற்றைக் கருக்கருவாளால் அறுத்துவிட்டாள் என்று அவள் புகுந்த ஊரில் பேசினார்கள். அறுத்தது உண்மை. அறுக்காமல் இருந்திருந்தால் அவர் அன்றைக்கே இறந்திருப்பார் என்பதும் உண்மை. இந்த இரண்டாவதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். அவனை நடுவீட்டில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அவன் வேறொன்றைச் சொன்னான். அவன் நான்.

என் பேரன் இப்போது கோவளம் பக்கம் போய் அலைமேல் பலகையில் நிற்கப் பழகுகிறான். சர்ஃபிங் என்கிறான். போன மாதம் பலகையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதில் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் வார் ஒன்று இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் கழன்றுவிடுகிறது. நான் அதை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். “என்ன தாத்தா, பிச்சிடாதீங்க” என்று வாங்கிக்கொண்டான். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நாகரசம்பட்டிக்காரர்கள். மாந்தோப்பும் கிணற்றுப் பாசனமும்தான். எங்களுக்கு நீச்சல் என்றால் கிணற்று நீச்சல். பழகும்போது இடுப்பில் கத்தாழை நார்க்கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேட்டிலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். மூச்சு முட்டினால் இழுத்துவிடுவார். கயிறு கையில் இருக்கிறவரை ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்பது எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்படாத விஷயம். தேங்கிய தண்ணீருக்கு அது சரி. ஓடுகிற தண்ணீரை நாங்கள் பார்த்தது மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்துக்குத்தான்.

அக்காவைக் கொடுத்த ஊர், கிருஷ்ணகிரிக்குக் கீழே, புது அணையிலிருந்து வெட்டிய கால்வாய் ஓரம். ஐம்பதுகளின் கடைசி. கால்வாயில் தண்ணீர் விட்டு அதிக காலம் ஆகவில்லை. மானாவாரியாகக் கிடந்த மண்ணில் முதல் தடவையாக நெல் நட்டார்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அந்த ஊரிலேயே பரம்படிப்பதில் பேர்போனவர். நாற்று நடும் முன் சேற்றைச் சமன்செய்ய மாட்டின் பின்னால் ஒரு பலகையைப் பூட்டி, அதன்மேல் ஆள் நின்று ஓட்டுவதுதான் பரம்படிப்பது. மற்றவர்கள் குந்தியபடி தடுமாறுவார்கள். மாமா ஒரு காலை முன்வைத்து, ஒரு கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து நின்று சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி தெறிக்கப் போவார். வேண்டுமென்றே என் பக்கம் திருப்பி, என் வெள்ளை வேட்டியைச் சேறாக்குவார்.

நான் சென்னையில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஓசூரை ஒட்டிய மத்திகிரி கால்நடைப் பண்ணையில் எழுத்தர் வேலைக்கு உத்தரவு வாங்கிவிட்டு, சேரும் முன் சில நாள் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மாமாவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. அதனால் நான் சொல்வதையெல்லாம் கேட்பார். அந்தக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். “மாமா, நீங்க சேத்துல நிக்கிறீங்க. மெட்ராசுல கடல்மேலயே நிக்கிறாங்க.”

“அடப் போடா மாப்ளே. கடல்ல எந்த மாடு இழுக்குது?”

“அலை தள்ளும். மீன்பிடிக்கிறவங்க கட்டுமரத்துல எழுந்து நின்னுகிட்டே கரைக்கு வருவாங்க. சின்னப் பசங்க ஒத்தைப் பலகையில வருவாங்க.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தியாவா? நானே நின்னிருக்கேன்.”

நான் பார்த்தது மட்டும்தான். விடுதித் தோழர்களோடு போய், மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. கடல் என் முழங்காலுக்கு மேல் வந்ததே கிடையாது. அக்கா அப்போது கூழ்ப்பானையோடு வந்திருந்தாள். “இவனா? கெணத்துல படிக்கட்டைப் புடிச்சுக்கிட்டே குளிக்கிறவன்” என்று சிரித்தாள். அவள் சிரித்திராவிட்டால் பேச்சு அதோடு போயிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்து, நான்கைந்து நாள் பழகியதாகவும், முதலில் குப்புறப் படுத்து, பிறகு முட்டிபோட்டு, பிறகு எழுந்து நிற்க வேண்டும் என்றும் விவரமாகச் சொன்னேன். அந்த வரிசை எப்படியோ சரியாகவே அமைந்துவிட்டது. பேரனும் அப்படித்தான் பழகினானாம்.

மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. உடைந்த வண்டியிலிருந்து ஒரு மாம்பலகையை எடுத்து, மரம் செதுக்கும் வாச்சியால் முன்பக்கத்தைச் செதுக்கி மேல்நோக்கி வளைவாக்கினார். “அலைதானே இல்ல? கால்வாய் ஓடுதில்ல? தண்ணி போகட்டும், நாம நிப்போம்” என்றார். கணக்கு இதுதான்: கால்வாயின் குறுக்கே இருந்த சிறிய பாலத்தின் இரும்புக் கம்பியில் கயிற்றைக் கட்டுவது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடும் தண்ணீரில் பலகைமேல் நிற்பது. மாட்டுக்குப் பதில் பாலம். சேற்றுக்குப் பதில் ஓட்டம். அவர் மூளைக்கு அது ஒரு நொடியில் தோன்றியது.

முதல் நாள் குப்புறப் படுத்தார். பலகை மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி அவரைக் கவிழ்த்தது. கயிற்றை விட்டுவிட்டார். பலகை ஒருபக்கம், அவர் ஒருபக்கம் என்று கால்வாய் வளைகிற இடம்வரை போய்க் கரையேறினார். வளைவில் கரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த தெலுங்குக்காரர் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொடுத்துச் சிரித்தார். மறுநாள் முட்டிபோட்டார். அதற்கடுத்த நாள் எழுந்து நின்றார். மூச்சு விடுகிற நேரம்தான், ஆனால் நின்றார். பிறகு கை நழுவிப் போனார். ஒவ்வொரு தடவையும் கை நழுவித்தான் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் விழுந்ததும் தண்ணீர் அவரை அலுங்காமல் வளைவில் கொண்டுபோய் விட்டது. அது எனக்குப் புத்தியில் உறைத்திருக்க வேண்டும்.

“நீ ஒரு தடவை நின்னு காட்டேன் மாப்ளே.”

“கடல் வேற, இது வேற மாமா. எனக்கு இங்க சரிவராது.”

“அப்ப கடல்ல கையி எப்படி நழுவாம நின்னுச்சு உனக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. “மணிக்கட்டுல முடிச்சு போட்டுக்குவோம்” என்றேன்.

“நீயும் போட்டுக்கிட்டியா?”

“போட்டுக்கிட்டேன்.”

பரம்படிக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிற மனிதர் அவர். அதனால் நம்புவது அவருக்குச் சுலபம். கையை நீட்டினார். முடிச்சைப் போட்டது நான்தான். கத்தாழை நார் நனைந்தால் ஊறி இறுகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இறுகுவது நல்லதுதானே என்று நினைத்தோம்.

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. அன்று கால்வாயில் தண்ணீர் கூடுதலாக விட்டிருந்தார்கள். அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மாமா பலகையைக் காலடியில் பிடித்து இறங்கினார். முட்டிபோட்டார். எழுந்தார். நின்றார். கை நழுவவில்லை. தண்ணீர் அவருக்குக் கீழே பாய்ந்தது. அவர் ஒரே இடத்தில் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து பலகையைத் திருப்பினார். “ஏய், பாருடி, உன் தம்பி சொன்னது நெசம்!” என்று கத்தினார். அக்கா நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். நான் பாலத்தின்மேல் நின்றேன். நான் சொன்ன பொய் என் கண்ணெதிரே உண்மையாகிவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம் நான் அதற்கு முன் பட்டதில்லை.

எங்கிருந்தோ ஒரு வேலிமுள் கிளை மிதந்து வந்து பலகையில் மோதியது. பலகை போய்விட்டது. அவர் விழுந்தார். கயிறு விறைத்தது.

மற்ற நாட்களில் இந்த இடத்தில் அவர் கையை விட்டுவிடுவார். அன்று விட முடியவில்லை. கயிறு அவரை நிறுத்திப் பிடித்தது, தண்ணீர் அவர்மேல் ஏறி ஓடியது. தலை தெரிந்தது, மறைந்தது. கட்டிய கை மட்டும் மேலே நீட்டி நின்றது. இன்னொரு கை வந்து முடிச்சைத் தேடியது. பிறகு அந்தக் கையையும் காணவில்லை.

நான் இழுத்தேன். கிணற்றுக்காரன் வேறென்ன செய்வான்? பாலத்துக் கம்பியில் காலை ஊன்றி என் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். ஒரு முழம்கூட வரவில்லை. இழுக்க இழுக்க அவர் இன்னும் கீழே போனார். அப்போதும் எனக்கு ஒரே நினைப்பு: கயிறு இருக்கிறது, விட்டுவிடாதே.

அக்கா ஓடிவந்தாள். ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். கையில் கருக்கருவாள் இருந்தது.

“கைய எடுடா.”

“அறுக்காதக்கா! அடிச்சுக்கிட்டுப் போயிடுவாரு!”

“போகட்டும், எடு! தண்ணி ஏறி அமுக்குது, கண்ணு தெரியல உனக்கு?”

நான் இரண்டு கையாலும் கயிற்றை மூடிப் பிடித்துக்கொண்டேன். அவளைத் தோளால் இடித்தேன். அவள் கம்பியில் மோதி, திரும்ப வந்து, என் விரல் ஓரத்தோடு சேர்த்தே அறுத்தாள். என் விரல் ஓரத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. கயிறு பட்டென்று போனது. எனக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போனதுதான் தெரிந்தது. “கொன்னுட்டியே” என்று கத்தினேன். அவள் அதற்குள் கரையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வளைவில் தெலுங்குக்காரர் குதித்து மாமாவின் வேட்டியைப் பிடித்திருந்தார். நான் போய்ச் சேரும்போது அவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாய்வழியாக வந்தது. “ஊபிரி உந்தி, ஊபிரி உந்தி” என்றார். மூச்சு இருக்கிறது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் வலது மணிக்கட்டு பிழிந்த துணி மாதிரி இருந்தது. முடிச்சு எலும்புவரை இறங்கியிருந்தது.

உயிர் தங்கியது. கை தங்கவில்லை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். விரல்கள் மடங்கா என்று சொல்லிவிட்டார்கள். ஏர் பிடிக்கிற கை.

மாமாவின் அம்மா முதலில் அழுதார். பிறகு யாரோ, புருஷனின் கயிற்றைப் பெண்டாட்டி அறுத்தாளாமே என்று அவர் காதில் போட்டார்கள். புருஷன் சம்பந்தப்பட்ட எந்தக் கயிற்றையும் கட்டிய பெண் அறுப்பது எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லவே கூசுகிற காரியம். கழுத்தில் இருப்பதும் கயிறுதானே. அறுத்து விட்டதால்தான் கல்லில் மோதிக் கை போனது என்று பேச்சு வளர்ந்தது. “எம் மவன அறுத்து உட்டவ கையால சோறு திங்க மாட்டேன்” என்று அந்த அம்மா எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டார். அக்காவைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடினார்கள். மாமா அப்போது ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார்.

என்னைக் கேட்டார்கள். மாமாவின் சித்தப்பா கேட்டார். “தம்பி, நீ படிச்ச புள்ள. பக்கத்துல இருந்தவன். அவ அறுக்கலேன்னா நீ இழுத்துக் கரையேத்தி இருப்பியா, மாட்டியா? அதைச் சொல்லு போதும்.”

இழுத்திருக்க முடியாது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். முடிச்சு யார் போட்டது? ஏன் போட்டாய்? கடலில் நின்றவனுக்கு இது தெரியாதா? எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் பயம். அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டது நான் என்று அவளுக்குத் தெரியாது. புல்லறுத்த இடத்திலிருந்து அது தெரியாது. நான் உண்மையைச் சொல்வேன் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா இழுத்திருப்பேன்” என்றேன்.

அவள் உள்ளே போய்த் துணிகளை மடித்தாள். அன்று மாலையே நாகரசம்பட்டிக்குத் திரும்பி வந்தோம். வழியெல்லாம் அவள் பேசியது ஒன்றுதான். “உன் கைக்கு மஞ்சள் வெச்சுக் கட்டு, சீழ் வெச்சிடப் போவுது.”

நான் மத்திகிரிக்கு ஓடிவிட்டேன். வேலையில் சேர்ந்தேன் என்றும் சொல்லலாம். பண்ணையில் பால் கணக்கும் தீவனக் கணக்கும் எழுதினேன். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஊரிலிருந்து வந்த ஆள் யாராவது அக்காவைப் பற்றிச் சொன்னால் காதைக் கொடுக்காமல் நகர்ந்துவிடுவேன். அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கிணற்றடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்களாம். மாமாவுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக ஒருவர் சொன்னார்.

தையில் ஒருநாள், பண்ணை வாசலில் மாமா நின்றார். வலது கையை மேல்துண்டில் தொங்கவிட்டிருந்தார். இளைத்திருந்தார்.

“வா மாப்ளே. ஊருக்குப் போலாம்.”

“என்னாத்துக்கு மாமா?”

“ஒரு தடவை நின்னு காட்டு எனக்கு. கடல்ல நின்னவன்தானே நீ.”

பேருந்து சூளகிரியைத் தாண்டியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். “அம்மா வேற எடம் பாக்குது. நான் ஒண்ணும் சொல்லல. தண்ணிக்குள்ள இருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவ அவசரப்பட்டாளா, நீ இழுத்திருப்பியா. அது தெரியணும். தெரிஞ்சாத்தான் நான் வாயத் தொறக்க முடியும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்து இருக்கையில் இருந்தார். கிருஷ்ணகிரி வரும்வரை நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அங்கே போனதும் தண்ணீர் குறைவாக இருக்கும், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தண்ணீர் குறைவாக இல்லை. பலகை பாலத்தடியில் சாய்த்து வைத்திருந்தது. அக்கா விட்டுப் போன கருக்கருவாளை அவர் இடுப்பில் செருகியிருந்தார். கயிற்றைக் கம்பியில் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றி, இடது கையாலும் பல்லாலும் முடிச்சு போட்டார். நான் போட்ட அதே முடிச்சு.

“ஏறு.”

தண்ணீர் சில்லென்று இருந்தது. குப்புறப் படுத்தேன். அவ்வளவுதான் நான் பழகிய சர்ஃபிங். பலகை மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. கயிறு விறைத்துத் தோளைப் பிடுங்கியது. தண்ணீர் பின்மண்டையில் ஏறி முகத்தை அமுக்கியது. முடிச்சைத் தேடினேன். அது கல்லாக இருந்தது. கண் திறந்தால் பழுப்பு நிறம். மூக்கில் மண். எங்கோ மேலே பாலம் இருக்கிறது, பாலத்தில் ஒரு கை உள்ள மனிதர் இருக்கிறார், அவர் என் கயிற்றை இழுத்துவிடக் கூடாது என்று ஒரே பதைப்பு. தலை ஒரு நொடி வெளியே வந்தது. கத்தினேன்.

“அறுங்க மாமா! அறுங்க!”

மறுபடி உள்ளே போனேன். அவர் கொஞ்சம் தாமதித்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அல்லது இடது கைக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம். கயிறு போனது. போன அந்தக் கணத்தில் தண்ணீர் என்னை அமுக்குவதை விட்டுத் தூக்கியது. அவ்வளவு இலகுவாக, யாரோ இடுப்பில் வைத்துக் கொண்டுபோவது போல, வளைவுவரை போய்க் கரையில் ஒதுங்கினேன்.

மாமா கரையோடு நடந்து வந்தார். நான் குமட்டி முடிக்கும்வரை நின்றார்.

“இழுக்கச் சொல்லலியே நீ” என்றார்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். கடல் என் முழங்காலுக்கு மேல் வந்ததில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். மணிக்கட்டு முடிச்சு நானாகக் கட்டிவிட்ட கதை என்று சொன்னேன். அக்காவைத் தோளால் இடித்ததைச் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துணியப் பிழி” என்றார். “உங்க ஊருக்குப் போவணும்.”

நாகரசம்பட்டியில் அக்கா முற்றத்தில் துவரையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். மாமா இடுப்பிலிருந்து கருக்கருவாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதை அங்கயே உட்டுட்டு வந்துட்ட. கெளம்பு.”

“அத்தை?”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அறுத்ததாலதான் நான் நிக்கிறேன்னு சொல்றேன். கேக்கலேன்னா தனியா உலை வெச்சுக்கலாம்.”

அவர் பேசினார் என்று பின்னால் தெரிந்தது. என் பெயரை எடுக்காமலேயே பேசியிருக்கிறார். நான் போய் அந்தப் பெரியவர்கள் முன்னால் நின்று, அன்று சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வாயில் தண்ணீர் நிறைந்தபோது மட்டும் உண்மை சொன்னவன், மூச்சு வந்ததும் மறுபடி பழைய ஆளானேன். சித்தப்பா இறந்தார், அந்த அம்மா இறந்தார், பிறகு மாமாவும் அக்காவும். சொல்லவேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைச் சொல்லத்தான் அதிகமாகக் கூசுகிறது.

அன்று அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நான் திண்டாடியபடி வேலியோரம் நின்றேன். தலை இன்னும் ஈரம். அவள் என்னைக் கடந்து போனவள் நின்றாள். என் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு பதிந்த தடம் சிவப்பாக வீங்கியிருந்தது. மாமாவின் கையில் அவள் பார்த்த அதே இடம், அதே வளையம். அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த முடிச்சைப் போட்டது யார் என்று அவளுக்கு விளங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன்.

“வலிக்குதாடா?” என்றாள்.

“இல்லக்கா” என்றேன். அதுவும் பொய்தான்.